வெளியிலே சிங்கமா? பயம், சாக்கு, விசுவாசம் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கோத்தகிரியில் எங்கள் வீட்டு முன்னறையில் வியாழக்கிழமை சாயந்திரம் ஜெபக்கூட்டம் நடக்கும். பன்னிரண்டு, பதினைந்து பேர் வருவார்கள். தேயிலை பறிக்கிறவர்கள், இரண்டு டிரைவர்கள், ஒரு நர்ஸ், லீவுக்கு வீடு வந்த கல்லூரிப் பிள்ளைகள். ஜெபம் முடிந்து டீ டம்ளர் கைக்கு வந்த பிறகுதான் உண்மையான கேள்விகள் வெளியே வரும். வாசலில் செருப்பு மாட்டும்போது கேட்கப்படும் கேள்வி அதைவிட உண்மையானது.

முப்பது வருஷம் பள்ளிக்கூடத்தில் வேலை பார்த்தவள் நான். ஒரே சந்தேகத்தை நாலு பேர் தனித்தனியாகக் கேட்டால் எழுதிவைக்காமல் இருக்க முடியாது. கேட்டவர்கள் கேட்ட மாதிரியே கேள்விகளை வைத்திருக்கிறேன். வசனங்கள் நாம் சபையில் வாசிக்கும் பழைய தமிழ் மொழிபெயர்ப்பில் இருந்து எடுத்தவை. நான் வேதபண்டிதை இல்லை. இரண்டு இடங்களில் ஆயரிடம் கேட்டுத் திருத்திக்கொண்டேன்.

"வெளியிலே சிங்கம், வெளியிலே சிங்கம்னு சொல்லிக்கிட்டே இருக்கீங்களே டீச்சர், அது என்ன?"

நீதிமொழிகள் 22:13. "வெளியிலே சிங்கம், வீதியிலே கொலையுண்பேன் என்று சோம்பேறி சொல்லுவான்." அவ்வளவுதான், ஒரே வரி. 26ஆம் அதிகாரத்தில் இதே ஆள் மறுபடி வருகிறான். கீல்முளையில் ஆடும் கதவு மாதிரி படுக்கையில் ஆடிக்கொண்டிருக்கிறான். கலத்தில் வைத்த கையை வாய்க்குக் கொண்டுபோகவே அலுத்துக்கொள்கிறான். வாசிக்கிறவர்கள் சிரிக்கட்டும் என்றுதான் எழுதியிருக்கிறார்கள் என்பது என் எண்ணம். நாம்தான் அதை முகத்தை உம்மென்று வைத்துக்கொண்டு வாசிக்கிறோம்.

ஆனால் அவன் சொன்ன சிங்கம் கட்டுக்கதை இல்லை. அந்தக் காலத்து இஸ்ரவேலில் நிஜமாகவே சிங்கம் உண்டு. ஆடு மேய்த்த தாவீது அதோடு மல்லுக்கு நின்றிருக்கிறான். யோர்தான் கரைக் காட்டிலிருந்து ஏறிவரும் சிங்கத்தை எரேமியா சொல்கிறார். காட்டில் இருந்த சிங்கத்தை நடுவீதிக்குக் கொண்டுவந்து நிறுத்தியதுதான் சோம்பேறியின் வேலை. சாக்கு பெரும்பாலும் முழுப் பொய்யாக வராது. உண்மை ஒன்றைத் தூக்கித் தனக்கு வசதியான இடத்தில் வைத்துக்கொண்டு வரும்.

"நம்ம ஊர்ல நிஜமாவே கரடி, சிறுத்தை எல்லாம் வருதே. அதுக்குப் பயந்தா நான் சோம்பேறியா?"

இல்லவே இல்லை. எண்ணெயையும் சர்க்கரையையும் தேடிக் கரடி கதவை உடைக்கும் ஊர் இது. பலாப்பழ சீசனில் குஞ்சப்பனைப் பக்கம் யானை நிற்கும். 2021இல் மசினகுடி பக்கத்தில் டி23 என்ற புலியை மூன்று வாரம் தேடி, அக்டோபர் 15ஆம் தேதிதான் உயிரோடு பிடித்தார்கள். அந்த மூன்று வாரமும் வெளியே வர யோசித்தவர்களை யாராவது சோம்பேறி என்று சொன்னால் அவருக்குத்தான் புத்தி இல்லை. சிங்க வசனம் இருக்கிற அதே அதிகாரத்தில், சரியாகப் பத்து வசனத்துக்கு முன்னால் இப்படியும் இருக்கிறது: "விவேகி ஆபத்தைக் கண்டு மறைந்துகொள்ளுகிறான், பேதைகள் நெடுகப்போய்த் தண்டிக்கப்படுகிறார்கள்." ஒன்றை மட்டும் எடுத்துக்கொண்டு மற்றதை விடக்கூடாது.

எங்கள் தெரு வழியாகக் காலையில் இலை பறிக்கப் போகிற பெண்களை நான் ஜன்னலில் இருந்து பார்ப்பதுண்டு. பனிமூட்டத்தில் முதலில் பேச்சுச் சத்தம் வரும், அப்புறம்தான் ஆள் தெரியும். வேண்டுமென்றே சத்தமாகப் பேசிக்கொண்டு வருவார்கள். கரடிக்கு எதிரே திடீரென்று போய் நிற்பதுதான் ஆபத்து. மனிதக் குரல் கேட்டால் பெரும்பாலும் அதுவே ஒதுங்கிவிடும். வளைவு வந்ததும் நால்வரும் நிற்பார்கள். முன்னால் போகிறவர் டார்ச்சைச் செடி வரிசையின் மேலே மெதுவாக ஓட்டி, கடைசியில் சில்வர் ஓக் மரத்தடியில் ஒரு நொடி நிறுத்துவார். காட்டெருமை நின்றால் கண் இரண்டும் அங்கேதான் மின்னும். ஒன்றும் இல்லையென்றால் விட்ட இடத்திலிருந்து பேச்சு தொடரும், நடையும் தொடரும். பயம் அவர்களுக்கும் இருக்கிறது. அது இருப்பதால்தான் டார்ச் இருக்கிறது.

"எனக்கே தெரியலைங்க, இது பயமா சாக்கான்னு. எப்படிக் கண்டுபிடிக்கிறது?"

நான் பார்த்த வரையில் ஒரு வித்தியாசம் உண்டு. பயம் விசாரிக்கும், சாக்கு விசாரிக்காது. உண்மையில் பயப்படுகிறவன் யானை எந்தப் பக்கம் நிற்கிறது, எத்தனை மணிக்கு இறங்கும், வேறு வழி உண்டா என்று பத்துப் பேரிடம் கேட்பான். சாக்குச் சொல்கிறவனுக்குக் கேட்கவே பிடிக்காது. "யானை நேற்றே போய்விட்டது" என்று யாராவது சொல்லிவிட்டால் கிளம்ப வேண்டியிருக்குமே! ஒரு தம்பியிடம் குரூப் 4 பரீட்சை எழுதலாமே என்றேன். "அதெல்லாம் காசு குடுத்தவனுக்குத்தான் கிடைக்கும்" என்றான். எத்தனை கேள்வி, எத்தனை மார்க் என்று கேட்டேன். 200 கேள்வி, 300 மார்க் என்பதே அவனுக்குத் தெரியவில்லை. தெரியாத பரீட்சையில் தோற்றுவிட்டு வீட்டில் உட்கார்ந்திருக்கிறான்.

இரண்டாவது அடையாளம், ஒரு தடையை எடுத்துவிட்டால் உடனே இன்னொன்று வந்து அந்த இடத்தில் உட்காரும். "பஸ் இல்லை" என்பார், பஸ் வந்தால் "சில்லறை இல்லை" என்பார். லூக்கா 14இல் விருந்துக்கு அழைக்கப்பட்ட மூன்று பேரைப் பாருங்கள். ஒருவன் வாங்கிய வயலைப் பார்க்கப் போகவேண்டுமாம். இன்னொருவன் ஐந்தேர் மாடு வாங்கிவிட்டு, அதைச் சோதித்துப் பார்க்கப் போகிறானாம். வாங்கிய பிறகா சோதிப்பார்கள்? சந்தையில் மாடு பிடித்த எவரும் இதைக் கேட்டால் சிரிப்பார். மூன்றாமவன் கல்யாணமாகிவிட்டது, வரமுடியாது என்று முடித்துக்கொண்டான். அவன் மன்னிப்புகூடக் கேட்கவில்லை. மூன்று பேரில் அவனே தேவலை.

"பயப்படுறது பாவமா டீச்சர்?"

பயம் வருவது பாவம் என்று வேதத்தில் நான் எங்கும் வாசிக்கவில்லை. "நான் பயப்படுகிற நாளில் உம்மை நம்புவேன்" என்று சங்கீதம் 56:3 சொல்கிறது. பயம் போன பிறகு நம்புவேன் என்று அதில் இல்லை. இரண்டும் ஒரே நாளில், ஒரே ஆளுக்குள் நடக்கிறது.

கிதியோன் கதை இன்னும் நல்லது. யுத்தத்துக்கு வந்த 32,000 பேரிடம், பயப்படுகிறவன் வீட்டுக்குப் போகலாம் என்று சொல்லப்பட்டது. 22,000 பேர் போனார்கள். ஒருவருக்கும் தண்டனை இல்லை. அந்த இரவு கர்த்தர் கிதியோனிடமே, நீ போகப் பயப்பட்டால் பூரா என்ற உன் வேலைக்காரனையும் கூட்டிக்கொண்டு எதிரியின் பாளயத்துக்கு இறங்கிப் போ என்கிறார் (நியாயாதிபதிகள் 7:10). கிதியோன் எனக்குப் பயமில்லை என்று வீரம் பேசவில்லை, பூராவைக் கூட்டிக்கொண்டு போனான். எனக்கு வேதத்தில் மிகவும் பிடித்த இடங்களில் இது ஒன்று. பூரா என்ற பெயர் அதற்குப் பிறகு எங்குமே வருவதில்லை. கூட நடந்ததோடு அவன் வேலை முடிந்தது.

"பயப்படாதேன்னு பைபிள்ல 365 தடவை இருக்காமே, நாளைக்கு ஒண்ணுன்னு?"

வாட்ஸ்அப்பில் வருஷா வருஷம் வரும். அப்படியே அந்த வார்த்தையை எண்ணினால் 365 வராது. 'கலங்காதே', 'திகையாதே' எல்லாவற்றையும் சேர்த்து எண்ணினாலும் எதைச் சேர்ப்பது, எதை விடுவது என்பதைப் பொறுத்துக் கணக்கு மாறும். லீப் வருஷத்துக்கு என்ன செய்வார்கள் என்றும் தெரியவில்லை.

எண்ணிக்கையை விட்டுவிட்டு, அந்த வார்த்தைக்குப் பக்கத்தில் என்ன இருக்கிறது என்று பாருங்கள். பல இடங்களில் "நான் உன்னுடனே இருக்கிறேன்" என்பது இருக்கும். கூடவே செய்யவேண்டிய ஒரு வேலையும் இருக்கும். கொரிந்துவில் பவுலுக்குச் சொன்னது, பயப்படாமல் பேசு, மவுனமாயிராதே என்று. யோசுவாவுக்குச் சொன்னது யோர்தானைக் கடப்பதற்காக. சும்மா வீட்டில் இருக்கிறவனை ஆறுதல்படுத்தச் சொன்ன வார்த்தையாக அதை மாற்றியது நாம்தான்.

"குளிர்ல எந்திரிக்கவே முடியல, அதுவும் சாக்கா?"

ஆமாம். நீதிமொழிகள் 20:4. "சோம்பேறி குளிருகிறது என்று உழமாட்டான்." இஸ்ரவேலில் முதல் மழை விழுந்து, குளிர் ஆரம்பிக்கிற நாட்களில்தான் உழவேண்டும். வெயில் வரட்டும் என்று இருந்தால் மண் இறுகிவிடும். நம் மலையில் கேரட் பிடுங்குகிறவர்கள் மேட்டுப்பாளையம் மண்டிக்கு நேரத்தோடு போய்ச்சேர வேண்டுமே என்று நடுராத்திரியில் பனியில் நின்று வேலை செய்கிறார்கள். அவர்களுக்கு மட்டும் வேறு குளிரா?

"எனக்குப் பேச வராது. நாலு பேர் முன்னாடி நின்னா கை நடுங்குது. என்னை ஏன் ஓய்வுநாள் பள்ளி எடுக்கச் சொல்றீங்க?"

இதைச் சொன்ன அக்கா இதைப் பத்து நிமிஷம் தடுமாறாமல் விளக்கினார் என்பதை முதலில் பதிவுசெய்கிறேன்.

யாத்திராகமம் 3, 4 அதிகாரங்களில் மோசே ஒன்றன்பின் ஒன்றாக ஐந்து சொல்கிறான். நான் எம்மாத்திரம்? உம்முடைய நாமம் என்ன என்று கேட்டால் என்ன சொல்வேன்? அவர்கள் நம்பமாட்டார்களே? நான் திக்குவாயும் மந்த நாவும் உள்ளவன். கடைசியில், வேறு யாரையாவது அனுப்பும். முதல் நான்குக்கும் கர்த்தர் பொறுமையாகப் பதில் சொல்கிறார். ஐந்தாவதற்குத்தான் கோபம் வருகிறது, ஏனென்றால் அதில் கேள்வியே இல்லை. மேலே சொன்ன "விசாரிக்கும், விசாரிக்காது" என்ற வித்தியாசம் இதே உரையாடலுக்குள் இருக்கிறது.

அப்புறம் நடந்தது என்ன? மோசேயின் நாவு அந்த இடத்தில் குணமானதாக எழுதியில்லை. ஆரோன் கூட அனுப்பப்பட்டான், கிதியோனுக்குப் பூரா மாதிரி. பேச வராது என்று சொன்ன அதே மனிதன் கடைசியில் பேசியதுதான் உபாகமம் புத்தகத்தின் பெரும்பகுதி. அக்காவுக்கும் அதைத்தான் செய்தோம். முதல் மூன்று மாதம் அவர் கதைப் படத்தைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றார், கதை சொன்னது இன்னொருவர். நான்காவது மாதம் கதை சொல்கிறவருக்குத் தொண்டை கட்டிவிட்டது. மீதியை நீங்களே ஊகித்துக்கொள்ளுங்கள்.

"எங்க தாத்தா பாட்டி காலம் வேற. அவங்களுக்கு விசுவாசம் இருந்துச்சு. இப்போ நம்மளால முடியுமா?"

எங்கள் கூட்டத்தில் பாதிப் பேரின் குடும்பம் 1964 சிறிமாவோ-சாஸ்திரி ஒப்பந்தத்துக்குப் பிறகு இலங்கையிலிருந்து வந்தது. தலைமன்னாரில் கப்பல் ஏறி ராமேஸ்வரத்தில் இறங்கி, முன்பின் பார்த்திராத இந்த மலைக்கு வந்தவர்கள். அவர்களில் உயிரோடு இருக்கிற ஒரு பாட்டியிடம், பயமாக இருக்கவில்லையா என்று கேட்டேன். "பயந்துகிட்டேதான் வந்தேன், குழந்தை கையில, வேற என்ன செய்ய" என்றார். "முன்நாட்கள் நலமாயிருந்தது என்று சொல்லாதே" என்று பிரசங்கி 7:10 சொல்வதற்கு இந்தப் பதிலைவிட நல்ல விளக்கவுரை எனக்குத் தெரியாது.

"பொண்ணுக்குக் கோயமுத்தூர்ல காலேஜ் கிடைச்சிருக்கு. காலம் கெட்டுக் கிடக்கு, அனுப்ப மனசு வரல. இதையும் சாக்குன்னு சொல்லிடாதீங்க."

சொல்லமாட்டேன். ஆனால் மேலே சொன்ன விசாரணையை இங்கேயும் செய்வோம். இந்தக் கேள்வியோடு வந்த அம்மாவிடம் ஒரு நோட்டுப் பக்கத்தை நடுவில் கோடு போட்டுக் கொடுத்தேன். இடது பக்கம் பயம், வலது பக்கம் அதைப் பற்றி யாரிடம் என்ன கேட்டீர்கள் என்பது. இடது பக்கம் நிரம்பி வழிந்தது: ஹாஸ்டல், ராத்திரி பஸ், சாப்பாடு, ஃபோன், கூடாத சிநேகம், ஊர்ப்பேச்சு. வலது பக்கம் ஒரு வார்த்தை இல்லை. கோத்தகிரியிலிருந்து மேட்டுப்பாளையம் வழியாக மலையிறங்கினால் போய்விடுகிற ஊர். இத்தனைக்கும் அவர் அந்தக் கல்லூரி வாசலைக்கூடப் பார்த்திருக்கவில்லை.

மோசேயின் தாயை நினைத்துக்கொள்ளச் சொன்னேன். பிள்ளையை ஆற்றங்கரை நாணலுக்குள் விட்டவள். விசுவாசத்தோடு விட்டாள் என்று பிரசங்கத்தில் சொல்வோம், சரிதான். ஆனால் யாத்திராகமம் 2:3ஐ நிதானமாக வாசியுங்கள். நாணற்பெட்டி ஒன்றை எடுத்தாள், அதற்குப் பிசினும் தார் போன்ற கீலும் பூசினாள். அதாவது தண்ணீர் எங்கெங்கே புகும் என்று விரலால் தடவிப் பார்த்திருக்கிறாள். நட்டாற்றில் விடாமல் கரையோர நாணலுக்குள் வைத்தாள். என்ன நடக்கும் என்று பார்க்க அக்காக்காரி தூரத்தில் நின்றாள். அவள் விசுவாசம் கீல் பூசின விசுவாசம்.

அந்த அம்மா மறுவாரம் மகளோடு போய் ஹாஸ்டலைப் பார்த்துவிட்டு வந்தார். திரும்பியபோது இரண்டு உருப்படியான குறைகள் சொன்னார். ராத்திரி வாட்ச்மேன் இல்லை, குளியலறைத் தாழ்ப்பாள் சரியில்லை. வேறு ஹாஸ்டல் தேடினார்கள். அதாவது அவருடைய பயத்தில் உண்மை இருந்தது, விசாரித்ததால் அது கைக்கு வந்தது. கிளம்புகிற அன்று காலையில் என்னிடம் தனியாக ஒன்று சொன்னார். "டீச்சர், நோட்டுல நான் எழுதாதது ஒண்ணு இருந்துச்சு. இவ போய்ட்டா வீட்ல நான் யார்கூடப் பேசுவேன்?" அதை ஏன் முதலிலேயே எழுதவில்லை என்று நான் கேட்கவில்லை. மகள் இப்போது சாயந்திரம் தவறாமல் கூப்பிடுகிறாளாம், அம்மாதான் வேலையிருக்கிறது என்று சீக்கிரம் வைத்துவிடுகிறாராம்.

"நான் பயப்படலீங்க. கர்த்தருடைய சித்தம் தெரியட்டும்னு காத்திருக்கேன்."

எத்தனை நாளாக? இதுதான் என் முதல் கேள்வி. காத்திருத்தல் வேதத்தில் உண்டு, அதை நான் குறைத்துப் பேசவில்லை. ஆனால் ஏற்கெனவே தெரிந்த விஷயத்துக்கு அடையாளம் கேட்டுக்கொண்டிருப்பது வேறு. அண்ணனோடு ஒப்புரவாக வேண்டும் என்று தெரியும், அதற்குக் கனவு வரவேண்டுமா?

கிதியோன் ராத்திரி களத்தில் ஆட்டுத்தோலைப் போட்டு, பனி அதன்மேல் மட்டும் பெய்யட்டும் என்று அடையாளம் கேட்டானே என்பார்கள். கேட்டான். கேட்கும்போதே, நீர் சொன்னபடி என்று இரண்டு முறை சொல்லித்தான் கேட்கிறான். அவனுக்குச் சித்தம் முன்பே தெரியும். கர்த்தர் அவன் பலவீனத்துக்கு இறங்கி வந்தார். அதை முறையாக வைத்துக்கொள்ளச் சொல்லவில்லை. தவிர, அவன் கேட்டது இரண்டே இரவு. நம்மில் சிலர் தோலை விரித்துப் போட்டுப் பல வருஷமாகிறது.

"அப்போ விசுவாசம் இருந்தா மழையோ மண்சரிவோ பாக்காம கிளம்பிடணுமா?"

வேண்டாம். 2009 நவம்பரில் இந்த மாவட்டத்தில் மண்சரிவில் நாற்பது பேருக்கு மேல் இறந்தார்கள். 2019 ஆகஸ்டில் அவலாஞ்சியில் ஒரே நாளில் 80 சென்டிமீட்டருக்கு மேல் மழை கொட்டியது. ரோடு அடைத்திருக்கிறது என்று அறிவித்த பிறகு பைக்கை எடுத்துக்கொண்டு "கர்த்தர் பார்த்துக்கொள்வார்" என்பவருக்குப் பதில் மத்தேயு 4ஆம் அதிகாரத்தில் இருக்கிறது. தேவாலயத்து உப்பரிகையிலிருந்து குதி, தூதர்கள் தாங்குவார்கள் என்று சங்கீதம் 91ஐக் காட்டிச் சொன்னவன் பிசாசு. அந்த வசனத்தை அவனும் மனப்பாடமாக வைத்திருந்தான். தேவனைப் பரீட்சை பாராதே என்பது இயேசுவின் பதில்.

ஆனால் மழையே இல்லாத நாளில் மழை வருமோ என்று பார்த்துக்கொண்டிருப்பவருக்கு வேறு வசனம்: "காற்றைக் கவனிக்கிறவன் விதைக்கமாட்டான், மேகங்களை நோக்குகிறவன் அறுக்கமாட்டான்" (பிரசங்கி 11:4). நம் ஊரில் மேகம் இல்லாத நாளுக்குக் காத்திருந்தால் கல்யாணம்கூட நடக்காது.

"படபடன்னு வருது, தூக்கமே இல்லை. மாத்திரை சாப்பிட்டா விசுவாசக் குறைச்சலா?"

இதுவரை சொன்ன எதையும் உங்களுக்காகச் சொல்லவில்லை என்று முதலில் வைத்துக்கொள்ளுங்கள். காரணமில்லாமல் நெஞ்சு படபடப்பது, மூச்சு முட்டுவது, வாரக்கணக்கில் தூக்கம் போவது, வீட்டை விட்டு வெளியே வரவே முடியாமல் போவது எல்லாம் உடம்பையும் மனசையும் பிடிக்கிற நோயாக இருக்கலாம். அதற்கு வைத்தியம் உண்டு. தைராய்டு கோளாறிலும் படபடப்பு வரும், அதை ரத்தப் பரிசோதனையில் கண்டுபிடித்துவிடலாம். அரசு மருத்துவமனையில் மனநல மருத்துவரைப் பார்க்கலாம். வெளியே போகவே முடியவில்லை என்றால் டெலி மானஸ் என்ற அரசு உதவி எண் 14416 இருக்கிறது, இலவசம், தமிழிலேயே பேசலாம். உயிரை விட்டுவிடலாம் என்று தோன்றினால் விடியட்டும் என்று காத்திராமல் அப்போதே கூப்பிடுங்கள், பக்கத்தில் இருக்கிற ஒருவரையும் எழுப்புங்கள்.

எலியா தீர்க்கதரிசி யேசபேல் ராணிக்குப் பயந்து ஓடி, சூரைச்செடியின் கீழே படுத்து, சாகவேண்டும் என்று கேட்டார் (1 இராஜாக்கள் 19). கர்த்தர் அவருக்குப் பிரசங்கம் செய்யவில்லை. தூதன் தட்டி எழுப்பி, தழலில் சுட்ட அடையும் தண்ணீரும் கொடுத்தான். சாப்பிட்டார், தூங்கினார். மறுபடி எழுப்பி மறுபடி கொடுத்தான். கேள்வி கேட்டது அப்புறம்தான். மாத்திரையை நிறுத்தச் சொல்லி ஜெபிக்கிறவர் யாராக இருந்தாலும் அவர் பேச்சைக் கேட்டு நிறுத்தாதீர்கள். இதில் எனக்கு விட்டுக்கொடுக்கிற எண்ணமே இல்லை.

"ஒரு ஊழியக்காரர் இந்த மாசம் எனக்கு ஆபத்துன்னு சொன்னார். விசேஷ ஜெபத்துக்குக் காணிக்கை கேக்கறார். வெளியே போகவே பயமா இருக்கு."

நெகேமியா 6ஆம் அதிகாரத்தை வாசியுங்கள். எருசலேமின் மதிலைக் கட்டிக்கொண்டிருந்த நெகேமியாவிடம் செமாயா என்றொருவன், உன்னைக் கொல்ல ராத்திரி வருவார்கள், ஆலயத்துக்குள் போய்க் கதவைப் பூட்டிக்கொள்வோம் என்று தீர்க்கதரிசனமாகவே சொன்னான். "என்னைப்போன்ற மனிதன் ஓடிப்போவானோ?" என்றார் நெகேமியா. பிறகுதான் புரிந்தது, பயமுறுத்த அவனுக்குக் கூலி கொடுத்திருந்தார்கள். பயத்தை விற்கிறவரிடம் நிம்மதியையும் வாங்காதீர்கள்.

"பத்து வேவுகாரங்க பொய் சொல்லலையே? பார்த்ததைத்தானே சொன்னாங்க? அவங்களை ஏன் திட்டறோம்?"

நல்ல கேள்வி. கல்லூரிப் பையன் ஒருவன் கேட்டான், நான் அன்றைக்கே பதில் சொல்லாமல் ஒரு வாரம் அவகாசம் வாங்கினேன்.

எண்ணாகமம் 13. மோசே வேவு பார்க்க அனுப்பிய பன்னிரண்டு பேர் நாற்பது நாள் கானானைச் சுற்றிப் பார்த்தார்கள். ஒரு திராட்சைக் குலையை இரண்டு பேர் தடியில் கட்டித் தூக்கி வந்தார்கள். நல்ல தேசம்தான், ஆனாலும் ஜனங்கள் பலவான்கள், பட்டணங்கள் அரணானவை என்றார்கள். அதுவரை எல்லாம் உண்மை. பிறகு அவர்களில் ஒருவனான காலேப் போகலாம் என்றதும், அவனும் யோசுவாவும் தவிர மற்றப் பத்துப் பேரின் அறிக்கை வளர்கிறது. தேசம் தன் குடிகளையே பட்சிக்கிறதாம். கடைசியில், நாங்கள் எங்கள் பார்வைக்கு வெட்டுக்கிளிகளைப்போல் இருந்தோம், அவர்கள் பார்வைக்கும் அப்படியே இருந்தோம் என்கிறார்கள். முதல் பாதி சரி, அது அவர்கள் மனசு. இரண்டாம் பாதி அவர்களுக்கு எப்படித் தெரியும்? யாரிடம் கேட்டார்கள்?

கேட்டிருந்தால் என்ன பதில் வந்திருக்கும் என்பது சுமார் நாற்பது வருஷம் கழித்து யோசுவா 2இல் வருகிறது. எரிகோவின் ராகாப், செங்கடல் வற்றியதைக் கேள்விப்பட்டபோதே எங்கள் இருதயம் கரைந்துபோயிற்று என்கிறாள். மதிலுக்கு உள்ளே இருந்தவர்களும் நடுங்கிக்கொண்டுதான் இருந்திருக்கிறார்கள். நேர்முகத் தேர்வுக்குப் போகிற பிள்ளைகளுக்கு நான் இதைச் சொல்வதுண்டு. எதிரே உட்கார்ந்திருப்பவர் உங்களை வெட்டுக்கிளியாகப் பார்க்கிறார் என்று நீங்களாக முடிவுசெய்யாதீர்கள்.

இன்னொன்றையும் அந்தப் பையனிடம் சொன்னேன். நாற்பது வருஷம் வனாந்தரத்தில் அலையவேண்டும் என்ற தண்டனையைக் கேட்டபின் அதே ஜனங்கள் திடீரென்று வீரம் வந்து, மோசே போகவேண்டாம் என்று சொல்லியும் மலையேறிப் போய் ஓர்மா என்ற இடம் வரைக்கும் அடிவாங்கினார்கள். நேற்றைய பயமும் இன்றைய துணிச்சலும் ஒரே பானையில் வெந்தவை. இரண்டிலும் சொன்னதைக் கேட்கவில்லை.

"ஒரு பக்கம் பயப்படாதே, இன்னொரு பக்கம் கர்த்தருக்குப் பயப்படு. எதைச் செய்யறது?"

இரண்டும் ஒரே வசனத்தில் இருக்கின்றன: யாத்திராகமம் 20:20. பயப்படாதிருங்கள் என்று ஆரம்பிக்கிற மோசே, தேவனைப்பற்றும் பயம் உங்களுக்கு முன்பாக இருக்கும்படி என்று முடிக்கிறார். ஆயரிடம் நான் கேட்டுத் தெளிந்த இடங்களில் இது ஒன்று. எபிரெய மருத்துவச்சிகள் சிப்பிராளையும் பூவாளையும் பார்க்கச் சொன்னார். ஆண்பிள்ளைகளைக் கொல் என்று பார்வோன் கட்டளையிட்டான். அவர்கள் தேவனுக்குப் பயந்ததினால் கொல்லவில்லை. பெரிய பயம் ஒன்று உள்ளே வந்ததும் பார்வோனுக்கு அங்கே இடமில்லாமல் போயிற்று. ராஜாவின் கட்டளையை மீறியவர்களை நாம் தைரியசாலிகள் என்போம், வேதம் அவர்களைப் பயந்தவர்கள் என்கிறது.

"நீங்க எதுக்குமே பயப்படறது இல்லையா டீச்சர்?"

இதை வாசலில் செருப்பு மாட்டிக்கொண்டே கேட்டது எங்கள் பக்கத்து வீட்டு அக்கா. அவருக்குப் பதில் தெரியும், தெரிந்துகொண்டேதான் கேட்டார்.

எனக்குச் சர்க்கரை இருக்குமோ என்று டாக்டர் ரத்தப் பரிசோதனை எழுதிக்கொடுத்து ஒன்றரை வருஷம் ஆகிறது. வெறும் வயிற்றோடு போகவேண்டும். முதலில் குளிர் என்றேன். அப்புறம் மழை. அப்புறம் முதல் பஸ்ஸுக்கு இருட்டில் நடக்கவேண்டும், கரடி நடமாட்டம் என்றேன். கரடி நடமாட்டம் உண்மைதான், ஆனால் எந்தப் பக்கம், எத்தனை மணிக்கு என்று ஒருவரிடமும் நான் விசாரிக்கவில்லை. என் அம்மாவுக்குச் சர்க்கரையில் கால் விரல் போனது, ரிசல்ட்டைப் பார்க்க எனக்குப் பயம். மேலே எழுதிய இத்தனையையும் அந்தச் சீட்டை வைத்துக்கொண்டுதான் எழுதினேன். வேதாகமத்தில் அடையாளத்துக்கு வைத்திருந்தேன், நீதிமொழிகள் பக்கத்திலேயே.

வரும் செவ்வாய்க்கிழமை முதல் பஸ். அக்காவும் வருகிறார். டார்ச்சுக்குப் புது பேட்டரி அவரே வாங்கிப் போட்டுவிட்டார். பரிசோதனை முடிந்ததும் சாப்பிட இட்லி கட்டிக்கொள்ளலாம் என்றேன், சட்னி வேண்டாம், வழியில் சிந்தும், பொடி போதும் என்கிறார்.